தகப்பன் பெயர் இல்லாத பேழை

அருங்காட்சியக வேலைக்கும் ஆவணக் காப்பக வேலைக்கும் புதிதாக வந்திருக்கிற தம்பி தங்கைமாருக்கு,

போன மாதம் மொன்ட்ரியாலில், பார்க் எக்ஸ்டென்ஷனில் ஒரு தேத்தண்ணிக் கடையில் உங்களில் நாலைந்து பேரைச் சந்தித்தேன். ஓய்வு பெற்றவனிடம் கதை கேட்டால் லேசில் எழும்பிப் போக முடியாது என்று தெரிந்தும், "உங்கட அனுபவத்தை எழுதித் தாங்கோ அங்கிள்" என்று கேட்டீர்கள். நான் கண்டுபிடித்த பெரிய விசயங்களை எதிர்பார்த்துக் கேட்டிருந்தால் மன்னிக்கவேண்டும். நான் ஒன்றையும் கண்டுபிடித்தவன் அல்ல, பட்டியல் எழுதியவன். கல்லில் இருப்பதை அட்டையில் எழுதுவதும், அட்டையில் இருப்பதைக் கணினியில் ஏற்றுவதும்தான் இந்த நகரத்தில் ஒரு சிறிய அருங்காட்சியகத்தில் நான் செய்த வேலை. அந்த வேலையில் நான் விட்ட ஒரு தவறைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். தவறு என்னுடையது. ஆனால் அதில் மாட்டிக்கொண்டது ஒரு பிள்ளையின் கலாநிதிப் பட்டம்.

முதலில் நான் இந்த வேலைக்கு எப்படி வந்தேன் என்று சொல்லவேண்டும், ஏனென்றால் தவறு அங்கிருந்துதான் தொடங்குகிறது. ஊரில் பல்கலைக்கழகத்தில் நான் கிரேக்கமும் இலத்தீனும் படித்தவன். யாழ்ப்பாணத்தில் அதைச் சொன்னால் சிரிப்பார்கள். மொன்ட்ரியாலுக்கு அகதியாக வந்து ஓர் உணவகத்தில் கோப்பை கழுவியபோது நானே சிரித்திருக்கிறேன். வேலை பின்னேரத்தில்தான். காலையில், பார்க் மெட்ரோவுக்குக் கிட்ட ஒரு பலசரக்குக் கடைக்கு மேலே இருந்த அறையில், எங்கள் சனத்துக்குக் குடிவரவுப் படிவங்கள் நிரப்பிக் கொடுத்தேன். அகதி விண்ணப்பம், குடும்பத்தைக் கூப்பிடுகிற ஸ்பொன்சர் படிவம், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற படிவம், எல்லாம்.

அந்த அறையில் எனக்கு ஒரு விசயம் ஊறிப்போனது. ஒரு பெட்டியையும் வெறுமையாக விடக்கூடாது. குடும்பப் பெயர் என்ற பெட்டி வெறுமையாக இருந்தால் படிவம் திரும்பி வரும். திரும்பி வந்தால் ஒரு வருடம் போகும். அந்த ஒரு வருடத்தில் ஊரில் இருக்கிற மனிசிக்கும் பிள்ளைக்கும் என்ன நடக்கும் என்று எங்களுக்குத் தெரியும். எங்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை என்பது கனடாவுக்கு விளங்காது. ஆகவே தகப்பன் பெயரைக் கேட்டு அந்தப் பெட்டியில் போட்டோம். தகப்பன் பெயர் தெளிவாக இல்லையா, தமையனுடைய பத்திரத்தைப் பார்த்துப் போட்டோம். அதில் பொய் ஒன்றும் இல்லை, பக்கத்தில் இருப்பதைப் பார்த்து நிரப்புவதுதான். நான் நிரப்பிய படிவங்கள் திரும்பி வந்ததில்லை என்று அந்தக் காலத்தில் எனக்குக் கொஞ்சம் பெயர் இருந்தது. அந்தப் பெயரில் எனக்குப் பெருமையும் இருந்தது.

பிறகு எப்படியோ, அருங்காட்சியகத்தில் பெட்டிகள் தூக்குகிற தற்காலிக வேலை ஒன்று கிடைத்தது. ஒருநாள் ஒரு கல்லில் இருந்த இலத்தீன் வரியை நான் வாய்விட்டு வாசித்ததைக் கேட்ட பொறுப்பாளர், அடுத்த கிழமையே என்னைப் பட்டியல் மேசையில் கொண்டுபோய் இருத்தினார். அவர் இந்த நகரத்துப் பிரெஞ்சுக்காரப் பெண், என்னைவிட இரண்டு வயது இளையவர். பெயரை எழுதமாட்டேன், எழுதினால் கோபிப்பார். அவரிடம் நான் கற்றது எல்லாம் சண்டை பிடித்துக் கற்றது.

எத்ருஸ்கரைப் பற்றி உங்களில் பலருக்குத் தெரிந்திருக்காது. உரோமர் பெரிய ஆட்கள் ஆவதற்கு முன்பு இத்தாலியின் நடுப்பகுதியில் வாழ்ந்தவர்கள் அவர்கள். அவர்களுடைய எழுத்தை வாசிக்கலாம், மொழிதான் முழுதாக விளங்காது. எழுதிவைத்த நூல்கள் ஏறக்குறைய எல்லாமே போய்விட்டன. மிஞ்சியவற்றில் பெரும்பங்கு கல்லறை வாசகங்கள். இன்னார், இன்ன குடும்பம், இன்னாருடைய மகன், இன்னாருடைய மனைவி, இத்தனை வயது. முதல் வருடம் எனக்கு அலுப்பாக இருந்தது. தொலைபேசிப் புத்தகத்தை வாசிக்கிறேன் என்று பொறுப்பாளரிடம் முறையிட்டேன். அவர் ஒரு கிழமை என்னோடு பேசவில்லை.

அலுப்பு போனதற்குக் காரணம் பெண்கள். உரோமில் பெண்ணுக்குப் பெரும்பாலும் குடும்பப் பெயர்தான் பெயர். எத்ருஸ்கப் பெண்ணுக்கு அவளுக்கென்று சொந்தப் பெயர் உண்டு, அதைக் கல்லில் வெட்டுவார்கள். ஆணுடைய வாசகத்திலும் பல இடங்களில் தகப்பனோடு தாயின் குடும்பமும் வரும். தன்னை யாருடைய ஆள் என்று ஒருவர் எண்ணிக்கொண்டார், ஊர் அவரை யாராக ஏற்றுக்கொண்டது என்பதெல்லாம் அந்த நாலு சொல்லுக்குள் இருக்கிறது. அது விளங்கியபிறகு எனக்கு அந்தக் கற்களை விட்டுப் பிரிய மனமில்லாமல் போய்விட்டது.

எங்கள் சேகரிப்பில் ஒரே கல்லறையில் எடுத்த மூன்று சாம்பல் பேழைகள் இருந்தன. இறந்தவரின் சாம்பலை வைக்கக் கல்லால் செய்தவை, ஒவ்வொன்றும் சிறிய சூட்கேஸ் அளவு. முதலாவதில் ஒரு பெண்: சொந்தப் பெயர், குடும்பம், தாயின் குடும்பம். இரண்டாவதில் ஓர் ஆண்: பெயர், குடும்பம், தகப்பன், தாய், எல்லாம் ஒழுங்காக. மூன்றாவது கொஞ்சம் சிறியது. அதில் ஓர் ஆணின் பெயரும் அதே குடும்பப் பெயரும் தெரிந்தன. அதற்குப் பிறகு ஒரு சொல்லுக்கு இடம் இருந்தது. அந்த இடத்தில் சுண்ணாம்பு கட்டிபட்டுப் போயிருந்தது. அடியில் எழுத்து இருப்பது தெரிந்தது, என்ன எழுத்து என்று தெரியவில்லை.

நான் என்ன செய்திருக்கவேண்டும் என்பது உங்களுக்கு முதல் கிழமையிலேயே சொல்லித் தந்திருப்பார்கள். வாசிக்க முடியாத இடத்தை வாசிக்க முடியவில்லை என்று எழுதவேண்டும். ஊகம் இருந்தால் சதுர அடைப்புக்குள் போடவேண்டும், இது கல்லில் இல்லை என் தலையில் இருந்தது என்று அடுத்தவனுக்குத் தெரிவதற்காக. எனக்கும் அது தெரியும். ஆனால் பதிவு அட்டையில் 'தகப்பன்' என்று ஒரு பெட்டி இருந்தது. பக்கத்துப் பேழையில் அதே குடும்பத்து ஆண் ஒருவர் இருக்கிறார். கை தன்பாட்டில் போனது. இரண்டாவது பேழைக்காரனின் பெயரைத் தகப்பன் பெட்டியில் எழுதினேன். அடைப்பு போடவில்லை. அந்த மூன்றாமவனின் சொந்தப் பெயர் கிரேக்கச் சாயலில் இருந்ததைக்கூட, அந்தக் காலத்து நாகரிகமாக்கும் என்று தள்ளிவிட்டேன்.

அந்த அட்டை கணினிக்குப் போனது. கணினியிலிருந்து எல்லோருக்கும் போனது. இருபது வருடம் ஒருவரும் அதைக் கேட்கவில்லை.

பிறகு தர்ஷிகா வந்தாள். மொன்ட்ரியாலுக்குப் பக்கத்து லவாலில் வளர்ந்த பிள்ளை, தாய் தகப்பன் யாழ்ப்பாணம். பிரெஞ்சில்தான் சிந்திப்பாள், என்னோடு மட்டும் விடாப்பிடியாகத் தமிழில் கதைப்பாள். எத்ருஸ்கக் குடும்பங்களைப் பற்றிக் கலாநிதிப் பட்டத்துக்கு ஆய்வு செய்தாள். எங்கள் மூன்று பேழைகளும் அவளுடைய ஓர் அதிகாரத்துக்கு முதுகெலும்பு. அவள் சொன்னது இதுதான்: உரோமின் ஆட்சி கிட்ட வரவர, இந்தக் குடும்பம் உரோமரைப் போல் பெயர் வைக்கத் தொடங்குகிறது. முதல் இரண்டு பேரிடம் தாய் இருக்கிறாள். மகனிடம் தகப்பன் மட்டும்தான், தாய் இல்லை. ஒரே குடும்பத்துக்குள் தாய் காணாமல் போகிற இடத்தை விரல் வைத்துக் காட்டலாம். அழகான வாதம். அவளுடைய பேராசிரியர் அந்த அதிகாரத்தைத்தான் எல்லோரிடமும் புகழ்ந்து திரிந்தார்.

அவள் எழுதிய இரண்டு வருடமும் எங்கள் களஞ்சியம் திருத்த வேலைக்காக மூடியிருந்தது. பழைய படங்களும் என் பதிவும்தான் அவளிடம் இருந்தன. படத்தில் சுண்ணாம்பைப் பார்த்துவிட்டு ஒருநாள் என்னிடம் வந்து கேட்டாள்.

"அங்கிள், மூண்டாவதில தகப்பன்ர பேர் வடிவாத் தெரியுதோ? படத்தில ஒண்டும் விளங்கேல்லை."

"ஓம் பிள்ளை, அது பாத்துத்தான் எழுதினது" என்றேன்.

பொய் சொல்கிறேன் என்று எனக்குத் தெரியாது. அட்டையில் என் கையெழுத்தில் இருந்தது, ஆகவே பார்த்திருப்பேன் என்று நம்பினேன். பொய் சொல்லியிருந்தாலாவது ஒரு கூச்சம் இருந்திருக்கும். எனக்கு அது கூட இருக்கவில்லை.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய மாசியில் களஞ்சியம் திறந்தது. மூடியிருந்த காலத்தில் பொருட்களைத் துப்பரவு செய்த பராமரிப்பாளர் பேழைகளிலிருந்த சுண்ணாம்பையும் பதமாக எடுத்திருந்தார். எனக்குப் பின்னால் வருகிறவருக்கு ஒப்படைப்பதற்காக ஒவ்வொன்றாகப் பக்கவாட்டில் விளக்குப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டு வந்தேன். ஒரு செவ்வாய்க்கிழமை காலை மூன்றாவது பேழை. விளக்கைத் தாழ்த்திப் பிடித்ததும் எழுத்துகள் எழும்பி நின்றன. தகப்பன் பெயர் அல்ல. 'லவுத்னி' என்று இருந்தது.

அந்தச் சொல் இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரிந்த சொல். விடுதலை பெற்ற அடிமை, இந்த வீட்டுக்குரியவர் என்று அர்த்தம். அடிமைக்குச் சட்டப்படி தகப்பன் கிடையாது. தாயின் குடும்பமும் கிடையாது. விடுதலை கொடுத்த வீட்டின் பெயரைத்தான் தன் பெயராக வைத்துக்கொள்வான். அடிமைகளில் பலருக்கு இருந்த கிரேக்கப் பெயரைத்தான் நான் நாகரிகம் என்று தள்ளிவிட்டிருந்தேன். அவன் மகன் இல்லை. இரண்டு தலைமுறை என்று நாங்கள் வரிசைப்படுத்தி வைத்த குடும்பத்தில் இரண்டாம் தலைமுறையே இல்லை. தாய் காணாமல் போகவில்லை. அவனுக்கு எழுதுவதற்குத் தாயே இருக்கவில்லை.

தர்ஷிகாவின் வாய்மொழித் தேர்வு அடுத்த கிழமை வியாழன். ஆய்வேடு ஏற்கெனவே தேர்வாளர்களின் கையில். இடையில் ஒன்பது நாள்.

களஞ்சியத்தில் இருந்த ஏணிப்படியில் உட்கார்ந்தேன். முதலில் வந்த நினைப்பு அவளைப் பற்றியதாக இருந்திருக்கவேண்டும். இல்லை. 'இன்னும் இரண்டு மாதத்தில் ஓய்வு' என்பதுதான் முதலில் வந்தது. இரண்டாவது நினைப்பு, இதை என்னைத் தவிர ஒருவரும் இன்னும் பார்க்கவில்லை என்பது. இதை நீங்கள் தெரிந்துகொள்ளவேண்டும் என்றுதான் எழுதுகிறேன், நல்ல ஆளாகத் தெரியவேண்டும் என்று அல்ல.

பொறுப்பாளரிடம் போனேன். நாங்கள் பேசியது பிரெஞ்சில், இங்கே தமிழில் சொல்கிறேன். படத்தைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "முறைப்படி நீ எழுத்தில் தரவேண்டும். நான் குழுவுக்கு அனுப்புவேன். குழு மாதத்துக்கு ஒருமுறைதான் கூடும்" என்றார்.

"அப்படியென்றால் தேர்வு முடிந்த பிறகுதான் பதிவு மாறும்."

"முறைப்படி, ஆம்."

அதாவது ஒரு குற்றமும் செய்யாமல் நான் பேசாமல் இருக்கலாம். விதியே எனக்குக் குடை பிடிக்கிறது. தர்ஷிகா பட்டம் வாங்குவாள், பிறகு ஆறுதலாகத் திருத்தம் வரும், தாய் தகப்பன் கேக் வெட்டி முடித்திருப்பார்கள். அவளுக்கும் அதுதான் நல்லது என்று என் மனம் எவ்வளவு கெட்டித்தனமாக வாதாடியது தெரியுமா! நான் அவளுக்காகவே மௌனமாக இருக்கப்போகிறேன் என்று ஒரு நிமிடம் நம்பினேன்.

பொறுப்பாளர் படத்தைத் திருப்பித் தந்தார். "நீ எனக்கு இன்னும் ஒன்றும் எழுதித் தரவில்லை. ஆகவே எனக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. இன்று பின்னேரம் நீ யாரைப் பார்க்கப் போகிறாய் என்று நான் கேட்கவும் இல்லை" என்றார். பிறகு, நான் கதவடிக்குப் போனதும், "தொலைபேசியில் சொல்லாதே" என்றார்.

நான் ஜீன்-டலோன் நிலையத்தில் மெட்ரோவின் செம்மஞ்சள் வழிக்கு மாறி லவாலுக்குப் போனேன். வழி முழுவதும் தொடக்க வசனம் ஒன்றைத் தேடினேன், ஒன்றும் அமையவில்லை. பிறகு பஸ் பிடித்து, பனி குவிந்த ஒழுங்கையில் நடந்து, அவர்கள் வீட்டு மணியை அடித்தேன். தாய்தான் திறந்தார்.

"ஐயோ, அண்ணையோ! வாங்கோ வாங்கோ. இந்தக் குளிருக்குள்ள என்னெண்டு வந்தனீங்கள்? தேத்தண்ணி போடுறன் இருங்கோ."

வரவேற்பறை மேசையில் தேர்வு நாளுக்கு அழைக்கிற ஆட்களின் பட்டியல் கிடந்தது. தகப்பன் மாடியிலிருந்து இறங்கி வந்து, புதிதாக வாங்கிய கோட்டை எடுத்துக் காட்டினார். பக்கத்து வீட்டுக்காரருக்கு என்னை அறிமுகப்படுத்துகிற தோரணையில் மனிசியிடம் சொன்னார்:

"இவர்தான் தெரியுமோ, எனக்கு ஸ்பொன்சர் ஃபோம் நிரப்பித் தந்தவர். நீர் இஞ்ச வந்ததே இவராலதான். அண்ணை நிரப்பினா ஒண்டும் திரும்பி வராது."

எனக்கு அந்த இடத்திலேயே நிலம் பிளந்தால் நல்லது போல் இருந்தது. தேத்தண்ணியைக் குடித்தேன். ரோல்ஸ் ஒன்று தந்தார்கள், அதையும் தின்றேன். வெட்கம் கெட்ட வயிறு. பிறகு தர்ஷிகாவிடம், "பிள்ளை, ஒரு விசயம் கதைக்கவேணும். கீழ போவமோ?" என்றேன்.

பேஸ்மென்ற்றில்தான் அவள் படிப்பது. சுவர் முழுக்கக் குடும்ப மரங்கள் ஒட்டியிருந்தாள். எங்கள் மூன்று பேழைகளும் நடுவில். நான் ஒன்றும் சொல்லாமல் படத்தை நீட்டினேன். அவள் வலமிருந்து இடமாக விரல் வைத்து வாசித்தாள், அந்த எழுத்து அப்படித்தான் போகும். கடைசி எழுத்துக்கு வந்ததும் அவள் முகம் மாறியது.

"இது எது?" என்றாள்.

"மூண்டாவது."

"நான் உங்களைக் கேட்டனான்." குரலை அவள் உயர்த்தவில்லை. "வடிவாத் தெரியுதோ எண்டு கேட்டனான். ஓம் எண்டு சொன்னனீங்கள்."

"ஓம். சொன்னனான். நான் பாக்கேல்லை பிள்ளை. பக்கத்துப் பேழையைப் பாத்து நிரப்பினனான். அடைப்பும் போடேல்லை. பிழை முழுக்க என்னில."

அவள் கதிரையில் இருந்தாள். மேலே தாய் யாருக்கோ தொலைபேசியில் மண்டபத்துக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது.

"ஏன் இண்டைக்குச் சொல்லுறீங்கள்? பத்து நாள் கழிச்சுச் சொல்லியிருக்கலாம் தானே. நான் பாஸ் பண்ணியிருப்பன். பேந்து திருத்தியிருப்பம். ஆருக்கு நட்டம்?"

நான் ஏணிப்படியில் உட்கார்ந்து எனக்குச் சொல்லிக்கொண்டதையே அவள் சொன்னாள். "பேந்து சொன்னா நீ ஒண்டும் செய்ய ஏலாது. இப்ப எண்டால் செய்யலாம்" என்று மட்டும் சொன்னேன். "என்ன செய்யிறது எண்டு எனக்குத் தெரியாது. ஆனா அதை நான் முடிவெடுக்கக் கூடாது."

அவள் அழுதாள். நான் ஆறுதல் சொல்லவில்லை. நட்டத்தைக் கொண்டுவந்தவன் ஆறுதலும் கொண்டுவந்தால் கேட்கிறவருக்கு இரண்டு பாரம். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, படத்தை மறுபடி எடுத்தாள்.

"லைற்றை எந்தப் பக்கத்தால பிடிச்சனீங்கள்?"

"இடப்பக்கம். நல்லாத் தாழ்த்தி."

"நாளைக்குக் காலமை நான் வந்து பாக்கிறன். நீங்கள் சொன்னா நான் இனி எடுக்கமாட்டன்."

அதைவிட நியாயமான ஒரு வசனத்தை என் தொழில் வாழ்க்கையில் ஒருவரும் எனக்குச் சொன்னதில்லை. அன்று அது சுட்டது, இன்றும் சுடுகிறது.

மறுநாள் காலை களஞ்சியம் திறக்கும்போதே வாசலில் நின்றாள். கோட்டைக்கூடக் கழற்றவில்லை. நான் விளக்கைப் பிடித்தேன். "இங்கே பார்" என்று வாயெடுத்ததும் கையைக் காட்டி நிறுத்தினாள். "நீங்கள் சொல்லாதேங்கோ. நான் வாசிக்கிறன்." ஒவ்வோர் எழுத்தாக, பென்சிலால் கொப்பியில் கீறிக் கீறி வாசித்தாள். விளக்கை வலப்பக்கம் மாற்றச் சொன்னாள், மேலே தூக்கச் சொன்னாள், அணைக்கச் சொன்னாள். என் கை விறைத்துப்போனது. அரை மணித்தியாலம் கழித்து, "லவுத்னிதான்" என்றாள். நான் பெருமூச்சு விட்டேன். ஏன் விட்டேன் என்று தெரியாது, எனக்கு அதில் ஒரு வெற்றியும் இல்லை.

பிறகு அவள் போகவில்லை. மற்ற இரண்டு பேழைகளையும் பக்கத்தில் வைக்கச் சொன்னாள். மூன்று வாசகங்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

"அங்கிள், இதைப் பாருங்கோ. மூண்டையும் வெட்டினது ஒரே கை. இந்த எழுத்தின்ர வால் மூண்டிலயும் ஒரே மாதிரி வளையுது. 'லவுத்னி'யையும் அதே ஆழத்தில, அதே அளவில வெட்டியிருக்கு. மூலைக்குள்ள ஒதுக்கேல்லை. ஒளிக்கேல்லை."

பார்த்தேன். அவள் சொன்னது சரி. நான் இருபது வருடம் அந்தப் பேழைகளோடு இருந்தவன், அதைக் கவனித்ததில்லை. ஓர் அடிமையாக இருந்தவனைத் தங்களோடு அதே அறையில் வைத்திருக்கிறார்கள், அதே கொத்தனைக் கொண்டு பெயர் வெட்டியிருக்கிறார்கள். அதேநேரம் அவன் யார் என்பதை மறக்கவும் விடவில்லை. எங்களுடையவன், ஆனால் எங்களில் ஒருவன் இல்லை. அன்பா, அதிகாரமா என்று அந்தக் கல் சொல்லாது. நான் அவனை மகனாக்கியதில் அந்தக் கேள்வியே இல்லாமல் போயிருந்தது. இரக்கத்தில் செய்யவில்லை, ஒரு பெட்டியை நிரப்புவதற்காகச் செய்தேன்.

அவளுடைய பேராசிரியர் தேர்வைத் தள்ளிப்போடச் சொன்னார். தர்ஷிகா மறுத்தாள். ஏழு பக்கத்தில் திருத்தக் குறிப்பு ஒன்று எழுதித் தேர்வாளர்களுக்கு அனுப்பினாள்: இந்த அதிகாரத்தின் வாதம் நிற்காது, ஏன் நிற்காது என்பது இது, அதற்குப் பதிலாகக் கல் சொல்வது இது. அதை அனுப்புமுன் என்னிடம் காட்டவில்லை. நான் அதே நாளில் என் திருத்தத்தை எழுத்தில் கொடுத்தேன். பொறுப்பாளர் வாங்கிக்கொண்டு, "நல்லது, இப்போது எனக்குத் தெரியும்" என்றார்.

வியாழக்கிழமை கடைசி வரிசையில் போய் இருந்தேன். முன்வரிசையில் தாயும் தகப்பனும், தகப்பன் புதுக் கோட்டில். தர்ஷிகா அவர்களிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். தாய் என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார். தேர்வு பிரெஞ்சில் இரண்டு மணித்தியாலம் போனது. வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் மெல்லிய குரல்காரர், கடைசியாகத்தான் வாயைத் திறந்தார். திருத்தக் குறிப்பைத் தூக்கிக் காட்டினார்.

"ஆய்வேட்டில், இந்தக் கல்லில் ஒரு தகப்பன் இருப்பதாக உறுதியாக எழுதியிருக்கிறீர்கள். இன்று இல்லை என்று அதே உறுதியோடு எழுதுகிறீர்கள். இரண்டாவதை நான் ஏன் நம்பவேண்டும்?"

எனக்கு இருக்க முடியவில்லை. எழும்பி, "ஐயா, அந்தப் பதிவை எழுதியவன்" என்று தொடங்கினேன். தலைமை வகித்தவர் கையைக் காட்டி, பார்வையாளர்கள் பேச அனுமதி இல்லை என்றார். சரியான விதிதான். உட்கார்ந்தேன். இரண்டு பேர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள்.

தர்ஷிகா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. தண்ணீர் ஒரு வாய் குடித்தாள்.

"அப்போது நான் ஒருவரைக் கேட்டேன்," என்றாள். "இந்தமுறை நான் போய்ப் பார்த்தேன்."

தேர்வாளர் எதையோ எழுதிக்கொண்டார். வேறு கேள்வி கேட்கவில்லை.

எல்லாம் நன்றாக முடிந்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். சித்தியடைந்தாள், ஆனால் அந்த அதிகாரத்தை முழுதாகத் திருப்பி எழுதிக் கொடுத்தபிறகுதான் பட்டம் என்றார்கள். அதற்கு ஆறு மாதம் போனது. புரட்டாதியில் வேறொரு நகரத்தில் அவளுக்கென்று ஏறக்குறைய ஒழுங்காகியிருந்த விரிவுரையாளர் வேலை, பட்டம் கையில் இல்லாததால் இன்னொருவருக்குப் போனது. அந்த வேலை திரும்பி வரவில்லை. அதற்கு நான்தான் காரணம். இப்போது அவள் வேறு வேலையில் நன்றாக இருக்கிறாள் என்பதால் அந்த நட்டம் இல்லாமல் போய்விடாது.

நான் சித்திரையில் ஓய்வு பெற்றேன். ஒரு மாதம் கழித்து, கிழமை நாளில், தொலைபேசி அடித்தது. தர்ஷிகா. தேர்வுக்குப் பிறகு நாங்கள் கதைத்திருக்கவில்லை. சுகம் விசாரிக்கவில்லை.

"அங்கிள், எத்ருஸ்கக் கல்வெட்டுகளுக்கு நீங்கள் எழுதின பதிவு மொத்தம் எத்தினை?"

"நாப்பத்தொண்டு."

"எல்லாத்தையும் திருப்பிப் பாக்கவேணும். உங்கட பொறுப்பாளரிட்டை அனுமதி கேட்டிட்டன். லைற் பிடிக்க ஒராள் வேணும்."

கிழமைக்கு இரண்டு நாள் போனோம். அவள் வாசிப்பாள், நான் விளக்குப் பிடிப்பேன். அவள் கேட்டாலொழிய நான் வாய் திறப்பதில்லை என்பது ஒப்பந்தம். அட்டையை அவள் கல்லைப் பார்த்து முடித்தபிறகுதான் எடுப்பாள். பெரும்பாலும் நான் எழுதியது சரியாக இருந்தது. அப்போதெல்லாம் "சரி" என்று ஒரு சொல் சொல்லி, அடுத்ததை வைக்கச் சொல்வாள்.

ஆவணி முடிவில் நாற்பத்தொன்றும் முடிந்தது. இன்னும் இரண்டு பிழை கிடைத்தது. இரண்டிலும் கல்லில் இல்லாத தகப்பனை நான்தான் எழுதியிருந்தேன்.